துறவி புரூனோவும் பெருமோனமும்

தனித்திருத்தலைப் பற்றி உலகத்தார் இருவேறு கருத்துடையர். வாழ்க்கையில் தோற்றவர் ஒதுங்கும் புகலிடமே தனிமை என்பர் ஒருசாரார். எல்லாம் எய்தக்கிடந்தும் அவற்றை வேண்டாது விடுத்தவர்க்கே அது கைகூடும் என்பர் மற்றொருசாரார். இவ்விரண்டனுள் எது மெய்யென்பதைச் சொல்வன்மையால் நிறுவப்புகுதலினும், அந்நெறியில் நடந்துகாட்டிய ஒருவரது வாழ்க்கையை உரைகல்லாகக் கொண்டு துணிதலே தக்கது.

2005-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இயக்குநராகிய பிலிப் குரோனிங் என்பார் ஓர் ஆவணப்படத்தை வெளியிட்டார். பெருமோனம் எனப் பொருள்படும் பெயரினையுடைய அப்படம், பிரான்சு நாட்டு ஆல்ப்சு மலைச்சாரலில் உள்ள பெரிய ஷார்த்ரூஸ் என்னும் கிறித்தவத் துறவியர் மடத்தின் அன்றாட வாழ்வைக் காட்டுவது. இரண்டே முக்கால் மணி நேரத்திற்குச் சற்றே குறைந்து ஓடும் அதன்கண் பேச்சு மிகச் சிறிது. மடம் தோன்றிய வரலாற்றை எடுத்துரைக்கும் குரலும் அதில் இல்லை. ஆயினும் அங்குக் காணப்படும் ஒவ்வொரு செயலும், 900 ஆண்டுகட்கு மேற்பட்ட முற்காலத்தில் ஒரு பேராசிரியர் தெரிந்தெடுத்த நெறியின் விளைவாகும். அவர் பெயர் புரூனோ. அவரது வரலாறே ஈண்டுச் சுருங்கக் கூறப்படுகின்றது.

பிறப்பும் ஆசிரியப் பணியும்

ரைன் ஆற்றங்கரையிலுள்ள கொலோன் நகரில் 1030-ஆம் ஆண்டையொட்டிப் புரூனோ பிறந்தார். கல்வி வேட்கையால் இளமையிலேயே வடபிரான்சிலுள்ள ரெய்ம்ஸ் நகரத்துப் பெருங்கோயிற் பள்ளியை அடைந்தார். அப்பள்ளி, முந்தைய நூற்றாண்டில் கெர்பெர்ட் என்னும் பேரறிஞர் ஆசிரியராயிருந்து அளவைநூல், கணிதம், வானநூல் முதலியவற்றைப் பயிற்றிய பெருமையுடையது. அவரே பின்னர் இரண்டாம் சில்வெஸ்டர் என்னும் பெயருடன் போப்பாண்டவராயினார். அத்தகைய பள்ளியின் தலைமையாசிரியர் பதவி, 1056-ஆம் ஆண்டையொட்டி, முப்பதாண்டும் நிரம்பப்பெறாத புரூனோவுக்குக் கிடைத்தது.

ஏறத்தாழ இருபதாண்டு அவர் அப்பணியில் நிலைத்திருந்தார். அவரிடம் பாடங்கேட்டோர் பலர் மேற்றிராணியார்களாகவும் மடாதிபதிகளாகவும் உயர்ந்தனர். அவருள் ஓடோ என்னும் மாணாக்கர் ஒருவர். இவரைப் படிப்போர் நினைவில் வைத்துக்கொள்வாராக. ஆசிரியரது தனிமையைக் கலைத்த ஆணை, பிற்காலத்து இம்மாணாக்கரிடமிருந்தே வந்தது.

அதிகாரத்தை எதிர்த்து நின்றமை

சமயப் பதவிகளைப் பொருள்கொடுத்துப் பெறுதலும் விற்றலும் அக்காலத்து ஐரோப்பாவிற் பரவியிருந்த பெருங்கேடு. ரெய்ம்ஸ் நகரத்து அதிமேற்றிராணியாராக 1069-ஆம் ஆண்டளவில் அமர்ந்த மனாஸே என்பாரும் அவ்வழியாற் பதவி எய்தினவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டவர். கோயிற் பொருளைக் கவர்ந்தார் என்னும் பழியும் அவர்மேல் நின்றது. கற்றோருள் மதிப்பு மிக்க புரூனோவைத் தம் ஓலைநாயகமாக அவர் அமர்த்தினார். பதவி தந்தவர் என்பதற்காகப் புரூனோ வாய்மூடியிருக்கவில்லை.

போப்பாண்டவர் ஏழாம் கிரெகொரியின் பிரதிநிதி 1077-இல் ஓத்தூன் நகரில் ஒரு சங்கத்தைக் கூட்டினார். மனாஸேயின்மீது அங்குக் குற்றஞ்சாட்டியவருள் புரூனோவும் ஒருவர். மனாஸே அங்கு வாராதொழிந்தமையின் அவரது அதிகாரம் நிறுத்திவைக்கப்பட்டது. சினங்கொண்ட அவர், தம்மீது முறையிட்டோர் வீடுகளை இடிப்பித்து, உடைமைகளையும் வருவாய்களையும் பறித்துக்கொண்டார். புரூனோ நகரைவிட்டு நீங்கி, ஒரு பிரபுவின் கோட்டையில் அடைக்கலம் புகநேர்ந்தது. வழக்கு நீண்டு, 1080-இல் மனாஸே பதவியினின்று நீக்கப்பட்டார்.

அதன்பின் நிகழ்ந்ததே ஈண்டு உற்றுநோக்கத்தக்கது. வெற்றிபெற்று மீண்ட புரூனோவே அடுத்த அதிமேற்றிராணியாராதற்கு உரியரென்று பலரும் எண்ணினர். பிரான்சு அரசர்க்கு முடிசூட்டும் உரிமை வாய்ந்த அப்பீடம் மிக்க செல்வமும் செல்வாக்கும் உடையது. அதன் வாயிலில் நின்றவர் திரும்பி வேறுவழி நடந்தார். ஆகலின், தோல்வியே அவரைத் துறவிற் செலுத்திற்று என்பது பொருந்தாது. துறவு புகுந்த காலத்து அவர் வயது ஐம்பதைக் கடந்திருந்தது.

தோட்டத்திற் செய்த சூளுறவு

இம்முடிவு ஒருநாளில் எழுந்ததன்று. இதற்குமுன் ஒருகால், ஆதாம் என்பாரது மனையை அடுத்த சிறு தோட்டத்தில் புரூனோவும் நண்பர் இருவரும் கூடியிருந்தனர். உலக இன்பத்தின் பொய்ம்மையையும் அழியாப் பேற்றின் இயல்பையும்பற்றி நெடும்பொழுது அளவளாவினர். உள்ளம் உருகிய நிலையில், விரைவில் உலகைத் துறந்து துறவுடை தாங்குவதென மூவரும் சூளுறவு செய்துகொண்டனர். அவருள் ஒருவர் உரோமாபுரிக்குச் செல்லவேண்டியிருந்தமையின், அவர் வருகைநோக்கி மற்றையிருவரும் காத்திருந்தனர். காலம் நீண்டது, ஆர்வம் தணிந்தது. இறுதியிற் சொன்னசொல்லைக் காத்தவர் புரூனோ ஒருவரே. மற்றொரு நண்பராகிய ரவுல் என்பார் ரெய்ம்ஸ் நகரிலேயே தங்கிவிட்டார்.

புரூனோவின் துறவுக்கு வேறொரு காரணமும் கதையாக வழங்குகின்றது. பாரிசு நகரில் இறந்த ஓர் ஆசிரியர் பாடையினின்று எழுந்து, தாம் தண்டனைக்குள்ளானதைக் கூவியுரைத்தார் என்றும், அதனைக் கண்டு அஞ்சியே புரூனோ காடு புகுந்தார் என்றும் அக்கதை கூறும். அது பிற்காலத்தார் புனைவு. ஓவியர் பலர் அதனை விரும்பித் தீட்டினாரேனும் வரலாற்றாசிரியர் அதனைக் கொள்வதிலர். அச்சத்தாற் பிறந்த துறவன்று அவருடையது. நண்பரோடு ஆராய்ந்து தெளிந்து மேற்கொண்டது.

காடு புகுந்தமை

ரெய்ம்ஸ் நீங்கிய புரூனோ, மொலேம் என்னும் மடத்தின் தலைவராகிய ராபர்ட் என்பாரை அடைந்து, அம்மடத்திற்கு அண்மையில் வறண்ட ஊற்று எனப் பொருள்படும் பெயர்கொண்ட காட்டிடத்திற் சிலகாலம் தங்கினார். இந்த ராபர்ட்டே 1098-இல் சீத்தோ மடத்தை நிறுவிப் புகழெய்தியவர். உடனிருந்தார்க்குப் பலர் கூடிவாழும் மடநெறியே உவப்பாயிற்று. புரூனோவின் நாட்டமோ தனிமையின்கண் நின்றது. ஆதலின் ஆண்டுநின்றும் தெற்குநோக்கிப் புறப்பட்டார்.

1084-ஆம் ஆண்டு வேனிற்காலத்தில், தோழர் அறுவருடன் கிரெனோபிள் நகரத்து மேற்றிராணியாராகிய ஹியூ என்பாரிடம் சென்றார். அவருள் நால்வர் குருமாரும் கற்றோரும். இருவர் குருப்பட்டம் பெறாத பொதுநிலையினர். அவர்கள் வருமுன்னர் ஏழு விண்மீன்கள் மலைநோக்கி வழிகாட்டக் ஹியூ கனவுகண்டார் என்பது மரபுவழிச் செய்தி. அவர் எழுவரையும் அழைத்துச்சென்று, ஷார்த்ரூஸ் மலையிடுக்கில், கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 1,170 மீட்டர் உயரத்திலுள்ள ஒரு காட்டிடத்தைக் காட்டினார். பனி நெடுநாள் உறையுமிடம். பாறை மிகுந்து விளைவு குன்றிய நிலம். பிறர் வேண்டாத இடமென்பதே அதனை இவர்க்கு வேண்டுமிடமாக்கிற்று.

அங்கு அவர்கள் வகுத்த அமைப்பு நுணுகி அறியத்தக்கது. தனித்தனியே காட்டில் உறைவார்க்கு நோயும் பனியும் மனமயக்கமும் பகையாம். கூட்டமாய் உறைவார்க்கு ஓயாத பேச்சும் ஆரவாரமும் பகையாம். புரூனோ இருநெறியையும் இணைத்தார். ஒவ்வொருவர்க்கும் தனித்தனி மரக்குடில். குடில்களைச் சேர்க்கும் கூரைவேய்ந்த நடைவழி. அதன் முடிவிற் கல்லாலாகிய கோயில். ஓதலும் எழுதலும் உண்டலும் உறங்கலும் பெரிதும் குடிலின்கண். குறித்த வேளைகளில் வழிபாட்டிற்குக் கூடல் கோயிலின்கண். குடிலில் உறைவோர் வெளியே செல்லாதிருத்தற்பொருட்டு, பொதுநிலைச் சகோதரர் தாழ்வாரத்திலுள்ள மனையில் தங்கிக் கால்நடையும் நிலமும் பேணினர். அக்கோயில் 1085-இல் திருநிலைப்படுத்தப்பெற்றது.

வறுமையை அவர்கள் விரும்பி ஏற்றனரேனும் நூலை வறுமைக்குள் அடக்கவில்லை. பின்னர் ஒருகால் நெவேர் நாட்டுப் பிரபு அவர்களது எளிமையைக் கண்டு உவந்து வெள்ளிக்கலங்களை விடுத்தபோது, அவர்கள் அவற்றை ஏற்காது திருப்பிவிட்டனர். அவர் தோல்களை விடுத்தபோது நூலெழுதுதற்கென ஏற்றுக்கொண்டனர். வாயாற் போதித்தலை விடுத்தோர், நூல்களைப் படியெடுத்துக் கையாற் போதித்தலைத் தம் கடனாகக் கொண்டனர்.

மேற்றிராணியாராகிய ஹியூவும் தனிமையை விழைந்தவர். பட்டம் பெற்றபின் ஒரு மடத்திற் புகுந்து ஏறத்தாழ ஓராண்டு தங்கி, போப்பாண்டவரின் கட்டளையால் மீண்டவர். அவர் அடிக்கடி ஷார்த்ரூஸுக்கு வந்து நெடுநாள் தங்குவார். அவ்வாறு தங்குங்கால், தம் மந்தையைக் காக்கச் செல்லுமாறு புரூனோ அவரைத் திருப்பியனுப்புவார் என்று அவரது வரலாறு கூறும். தனிமையைத் தமக்குக் கொண்ட புரூனோ, கடனுடைய ஒருவர் அதிற் புகுந்து ஒளிந்துகொள்ள இடங்கொடுத்திலர். இந்நுட்பத்தை நோக்குவார்க்கு, அவர் துறவு கடமையை அஞ்சி ஓடியதன்று என்பது விளங்கும்.

மலையினின்று அழைத்த ஆணை

ஆறாண்டு கழிந்தது. 1090-இல் உரோமாபுரியினின்று ஓர் ஆணை வந்தது. பழைய மாணாக்கராகிய ஓடோ, இரண்டாம் அர்பன் என்னும் பெயருடன் 1088 முதற் போப்பாண்டவராயிருந்தார். பேரரசர் நான்காம் ஹென்றியின் துணையோடு எதிர்ப்போப்பு ஒருவர் பீடத்துக்கு உரிமை கொண்டாடிய காலம் அது. நெருக்கடியில் ஆசிரியரின் அறிவுத்துணை தமக்கு வேண்டுமென அவர் கருதினார்.

புரூனோவின் வாழ்வில் மிகக் கடிய சோதனை இதுவே. பதவியை விடுத்தல் அவர்க்கு எளிதாயிற்று. ஏனெனில் அதனை அவர் விரும்பியதிலர். இப்பொழுது விடவேண்டியதோ, அவர் உயிரினும் இனிதாக விரும்பிய தனிமை. செல்லாதொழியின் கீழ்ப்படிதல் கெடும். செல்லின் மடம் கெடும். அவர் சென்றார். மடமும் கெட்டது. தலைவரின்றி வாழமாட்டோமென்று தோழர் கலைந்தனர். நிலம், லா ஷேஸ் தியூ மடத்தின் தலைவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

ஆயினும் புரூனோவின் அறிவுரையாற் சிறிது காலத்தில் அவர்கள் மனந்தேறி, லாந்துவின் என்பாரைத் தலைவராகக் கொண்டு மலைக்கே மீண்டனர். நிலமும் திரும்பக் கிடைத்தது. அவரை நம்பி நின்ற மடம் அவரின்றி நிற்கக் கற்றுக்கொண்டது. ஒருவரைப் பற்றி நிற்பது அவரோடு முடியும். நெறியைப் பற்றி நிற்பதே நீடிக்கும். அவ்வுண்மையைப் பிறர்க்கு உணர்த்துதற்கு அவர் கொடுத்த விலை, தாம் நிறுவிய மலையை மீண்டும் ஒருகாலும் காணாமையே.

கலாபிரியாவில் எஞ்சிய நாட்கள்

பேரரசரின் படையும் எதிர்ப்போப்பின் சார்பினரும் மேலோங்கியமையின் போப்பாண்டவர் தென்னித்தாலிக்கு ஒதுங்கினார், புரூனோவும் உடன்சென்றார். அங்கு ரெட்ஜோ நகரத்து அதிமேற்றிராணியார் பதவி அவர்க்கு அளிக்கப்பட்டது. அதனையும் அவர் ஏற்றிலர். மீண்டும் தனித்துறையும் இசைவையே வேண்டிப் பெற்றார். போப்பாண்டவர் தம்மால் எளிதில் அழைத்துக்கொள்ளத்தக்க எல்லையிலேயே அவர் தங்க விரும்பியமையின், ஆல்ப்சு மலைக்குத் திரும்புதல் இயலாதாயிற்று.

சிசிலியை ஆண்ட நார்மன் பிரபுவாகிய ரோஜர் கலாபிரியா மலைக்காட்டில் நிலமளித்தார். அங்கு 1091-ஆம் ஆண்டளவில் புரூனோ இரண்டாவது தவமனையை அமைத்தார். இனிய காற்றும் பசும்புல்வெளியும் ஓடைகளும் உடைய அவ்விடத்தினின்று, தோட்டத்திற் சூளுறவு செய்த நண்பர் ரவுலுக்கு ஒரு மடல் வரைந்தார். இயற்கையின் அழகை அதில் மகிழ்ந்து கூறி, கடுந்தவத்தால் தளர்ந்த மனத்திற்கு அஃது ஓய்வு தருமென்றும் குறித்து, சொன்னசொல்லைக் காக்குமாறு அன்போடு இடித்துரைத்தார். ரவுல் வரவில்லை. அவர் 1106-இல் ரெய்ம்ஸ் நகரத்து அதிமேற்றிராணியாராயினார். ஒரே தோட்டத்தினின்று புறப்பட்ட இரு நண்பருள் ஒருவர் மற்றவர் விடுத்த பீடத்தில் அமர்ந்தது காலத்தின் விளையாட்டு.

மூப்புற்ற புரூனோவைக் காண, ஷார்த்ரூஸினின்று லாந்துவின் கலாபிரியாவுக்கு வந்தார். புரூனோ தம் மலைத்தோழர்க்கு எழுதிய மடலை அவர்வழி விடுத்தார். திரும்பும் வழியில் எதிர்ப்போப்பின் சார்பினர் லாந்துவினைச் சிறைப்படுத்தினர். தம் பற்றுறுதியை விடாத அவர், 1100-இல் மலையைக் காணாமலே உயிர்நீத்தார். அர்பன் 1099-இலும், ரோஜர் 1101 ஜூனிலும் இறந்தனர். அன்புடையார் ஒருவர்பின் ஒருவராக மறைய, புரூனோ 1101 அக்டோபர் 6-ஆம் நாள், தோழரைச் சூழவைத்துத் தம் சமயக் கொள்கையை வாயாற் கூறி உடல்நீத்தார். அவரது மறைவுச் செய்தியைச் சுமந்த ஓலைச்சுருள் இத்தாலி, பிரான்சு, இங்கிலாந்து நாடுகளில் மடந்தோறும் கோயில்தோறும் சென்றது. ஆங்காங்குள்ளோர் அதில் எழுதிச்சேர்த்த இரங்கலுரைகள் நூற்றெழுபதிற்கு மேற்பட்டன.

எழுதாத நெறி

புரூனோ தம் கூட்டத்திற்கு ஒழுக்கநூல் எதனையும் இயற்றவில்லை. வாழ்ந்துகாட்டியதே அவர் வகுத்த நூல். ஐந்தாம் தலைவராகிய கீகோ என்பாரே, 1127-ஆம் ஆண்டையொட்டி, அங்கு நின்ற வழக்கங்களைத் தொகுத்தெழுதினார். 1132 ஜனவரியிற் பனிப்பாறை சரிந்து மரக்குடில்களை அழித்துத் துறவியர் சிலரையும் மாய்த்தது. எஞ்சியோர் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கீழே புதுமனை கட்டினர். அதுவும் பல்கால் தீக்கிரையாயிற்று. இன்றுள்ள கட்டடம் 1676-ஆம் ஆண்டுத் தீக்குப்பின் எழுந்தது. பிரெஞ்சுப் புரட்சியால் 1792-இல் வெளியேற்றப்பட்ட துறவியர் 1816-இல் மீண்டனர். 1903-இற் படைவீரரால் மறுபடியும் வெளியேற்றப்பட்டு 1940-இல் மீண்டனர். இடம் மாறிற்று, மனை மாறிற்று, ஆட்சி மாறிற்று. குடிலும் கோயிலும் சேர்ந்த அமைப்பு மாறவில்லை.

திரையில் மோனம்

இனி முற்கூறிய படத்திற்கு வருவோம். குரோனிங் 1984-இல் மடத்தாரிடம் இசைவு வேண்டினார். இன்னும் காலம் வரவில்லை என்னும் பொருளில் விடை கிடைத்தது. ஏறத்தாழ 16 ஆண்டு கழித்து, இசைவுடன் மடல் வந்தது. மலைமேல் வாழ்வார்க்கு அஃது ஒரு நீண்ட காத்திருப்பன்று போலும். 2002, 2003-ஆம் ஆண்டுகளில் அவர் ஏறக்குறைய ஆறுமாதம் அம்மடத்திலேயே தங்கினார். உதவியாளர் இலர், செயற்கை விளக்கில்லை, புறத்தே சேர்க்கும் இசையில்லை, விளக்கவுரையில்லை. கருவியைத் தாமே சுமந்து, தாமே ஒலியும் பதிந்தார்.

அப்படத்தில் ஒரு துறவி முழந்தாளிட்டிருக்கின்றார்; பனி பொழிகின்றது; ஒருவர் விறகறுக்கின்றார்; ஒருவர் துணி வெட்டுகின்றார்; முதியவர்க்கு இளையவர் மருந்து தடவுகின்றார். நள்ளிரவில் மணியொலித்து இருளில் ஓதல் எழுகின்றது. வாரந்தோறும் வெளியே உலாவச் செல்லும்போது உரையாடுகின்றனர். பனிச்சரிவில் சறுக்கி விளையாடிச் சிரிக்கின்றனர். இறுதிப்பகுதியிற் கண்ணிழந்த முதியவர் ஒருவர் மட்டும், சாவுக்கு அஞ்சாத அமைதியோடு சில சொற் பேசுகின்றார்.

மோனத்தைப் படம்பிடித்தல் இயலுமோ எனின், அகத்தே நிகழ்வதை எக்கருவியும் காட்டமாட்டாது. அப்படம் அதனைக் காட்டுவதாகக் கூறிக்கொள்ளவுமில்லை. காலம் எவ்வாறு அங்கு நடக்கின்றது என்பதையே காட்டுகின்றது. அதற்கும் அது மேற்கொண்ட வழி, தானும் அம்மடத்தின் ஒழுக்கத்திற்கு உட்பட்டமையாம். காத்திருந்து, தனித்திருந்து, பேச்சடங்கி நின்றமையாலன்றோ அவர்க்கு அக்காட்சி கிடைத்தது! விளக்கவுரை சேர்த்திருப்பின், துறவியர் பேசாத பேச்சை அவர் பேசினவராயிருப்பார்.

ஆயினும் படம் பார்ப்பார்க்கு ஒரு தவறான எண்ணம் தோன்றக்கூடும். மலையும் பனியும் மணியொலியும் சேர்ந்ததே தனிமையென்றும், அவை வாய்த்தார்க்கு அமைதி தானே வருமென்றும் அவர் கருதுதல் கூடும். புரூனோவின் வரலாறு அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றது. அவர்க்கு அம்மலை வாய்த்தது ஆறாண்டே. பின்னைப் பதினோராண்டும் வேற்றுநாட்டில், போரும் பூசலும் சூழ்ந்த காலத்தில் அவர் மோனம் காத்தார். ரெய்ம்ஸையும் ரெட்ஜோவையும் மறுத்தவர், உரோமாபுரிக்கு அழைத்த ஆணையை மட்டும் மறுத்திலர். அவர் மறுத்தவை தம்மை உயர்த்த வந்தவை. ஏற்றது தம்மிடமுள்ளதைக் கேட்டு வந்தது. மறுத்தல் ஏற்றல் இரண்டினும் தன்னலம் இல்லாமையே அவரது தனிமையின் உயிர்நிலை. அஃதில்லாதவர் காட்டிலிருப்பினும் சந்தையிலிருப்பவரே. அஃதுடையவர் போப்பாண்டவரின் அவையிலிருப்பினும் குடிலிலிருப்பவரே என அறிக.